திருகோணமலையிலிருந்து ஒரு நாள் தோட்டப் பயணம்: முதன்முறை கார் எடுத்துப் போகிறவர்களுக்கு

தோட்டம் பார்க்கப் போவோம் என்று வீட்டில் பேச்செடுத்தால் எல்லோர் வாயிலும் வருவது பேராதனைதான். அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் திருமலையிலிருந்து போகவும் வரவுமே பகல் முழுவதும் தேவை. அங்கே வளர்பவையும் பெரும்பாலும் மழை நாட்டு மரங்கள். நம் பக்கத்துக் காட்டில் நிற்கும் பாலையையும் முதிரையையும் வீரையையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்யும் பொப்ஹாம் மரத்தோட்டம் தம்புள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போகும் வழியில் சிகிரியாவின் நீர்த்தோட்டமும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பலாம். இப்போதுதான் அனுமதிப்பத்திரம் எடுத்து நெடுந்தூரம் ஓட்டத் தயங்குகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள் மாலை, ஒரு சின்ன ஓட்டம்

வண்டியும் கையும் பழக, நிலாவெளி வீதியில் ஒரு தடவை போய் வாருங்கள். நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். ஒரே அளவான கற்கள், வெட்டிச் சீராக்கிய புல், கல்லோரம் பூச்செடிகள். கற்களில் இருக்கும் வயதுகளைப் படித்துப் பாருங்கள், பலர் இருபதைச் சற்றே தாண்டியவர்கள். குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய இடம்.

திரும்பும்போது பெற்றோல் நிரப்பி, நான்கு டயர்களுக்கும் மேலதிக டயருக்கும் காற்றுப் பாருங்கள். மேலதிக டயரை யாரும் நினைப்பதில்லை. எங்கள் முதல் பயணத்தில் ஒரு டயர் காற்றுப்போய் நின்றபோது மேலதிக டயரும் தட்டையாகக் கிடந்தது. இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றோம்.

2. எப்போது போவது

எனக்குப் பிடித்தது மாசி மாதம். மாரி மழை விட்டிருக்கும், காடு பச்சையாக இருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும். ஆடி, ஆவணியில் போனால் எல்லாம் காய்ந்திருக்கும். மார்கழியில் சிகிரியாவின் நீரூற்றுகள் வேலை செய்வதைப் பார்க்க வாய்ப்பு அதிகம், ஆனால் கொட்டும் மழையில் புதிதாக ஓட்டுகிறவர் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.

3. ஐந்தரைக்குப் புறப்படுங்கள்

ஏ6 வீதி இங்கிருந்து தென்மேற்காகப் போகிறது. காலையில் போகும்போது சூரியன் முதுகுப் பக்கம். மாலையில் திரும்பும்போதும் முதுகுப் பக்கம்தான். கண் கூசாமல் ஓட்ட இதைவிட வசதியான வீதி புதியவருக்குக் கிடைக்காது. ஊர் மனைகளுக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் காருக்கான உச்ச வேகம். ஊருக்கு வெளியே நான் சொல்வது 55. மரம் பார்க்கப் போகிறவருக்கு அது போதும். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள், போட்டி வேண்டாம்.

பாலம்போட்டாறு தாண்டியதும் தம்பலகாமத்து வயல்வெளி திறக்கும். விடியலில் வயலுக்கு மேலே பனிப்புகை கிடக்கும், வரப்பில் கொக்குகள் வரிசையாக நிற்கும். கண்ணாடியை இறக்கிவிடுங்கள். அந்த நேரத்து நெல் வாசனை வேறு. இந்த வயல்களுக்குத் தண்ணீர் வருவது அடுத்து நாம் நிற்கப்போகும் கந்தளாய்க் குளத்திலிருந்து.

4. கந்தளாய்க் குளக்கட்டு

திருமலையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். முதல் ஓய்வு இங்கே. குளக்கோட்டன் கட்டிய குளம் என்பது நம் முன்னோர் சொல்லி வந்த கதை. சிங்கள வரலாற்று மரபு அக்கபோதி மன்னனைச் சொல்கிறது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். எங்கள் அம்மா இன்றும் இந்த வழியாக வரும்போது அந்த நாளைப் பற்றிப் பேசாமல் கடப்பதில்லை.

வண்டியை வீதியை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, தண்ணீரோரம் நிற்கும் மருத மரங்களைப் பாருங்கள். வெளிறிய, வழவழப்பான பட்டை, செதில் செதிலாக உரியும். இன்றைக்குத் தெரிந்துகொள்ளும் முதல் மரம் இதுவாக இருக்கட்டும். இனி வழியில் ஆறு, ஓடை எங்கே வந்தாலும் கரையில் இதே மரம் நிற்கும். பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லுங்கள்.

5. யானைப் பாதை

கந்தளாயிலிருந்து அக்போபுர, அலுத்ஓயா வழியாக ஹபரணை வரை இரு பக்கமும் காடு. ஏழு மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். அப்படியிருந்தும் யானை நிற்கலாம். கண்டால் செய்ய வேண்டியவை: தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்கக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கிட்டப் போகக் கூடாது. பின்னால் எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். வாழைப்பழமோ பாணோ எறியாதீர்கள். அப்படி எறிந்து பழக்கியதால்தான் சில யானைகள் வீதியோரம் வந்து காத்து நிற்கின்றன. கடைசியில் அடிபடுவது யானையும் அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரரும்தான். அது போகும்வரை பொறுத்திருங்கள்.

6. சிகிரியா: மலை ஏறாமல் தோட்டம் மட்டும்

ஹபரணையில் தம்புள்ளைப் பக்கம் திரும்பி, இனாமலுவ சந்தியில் இடப்பக்கம் எடுங்கள். அங்கிருந்து சுமார் 10 கிலோமீற்றர்.

எல்லோரும் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டே தோட்டத்தை மிதித்துக் கடந்து போகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்துத் தோட்டம் இது. நடைபாதையின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று ஒத்த குளங்கள். முதலில் வருவது நான்கு குளங்களுக்கு நடுவே தீவுபோல ஒரு மேடை. அதன் மூலையில் நின்று, பக்கத்துக் குளத்துக்குத் தண்ணீர் போகும் வழியைத் தேடுங்கள். நிலத்துக்கு அடியில் ஓடுகிறது.

கொஞ்சம் மேலே போனால் நீரூற்றுகள். அம்மிக்கல் போலத் தட்டையான வட்டச் சுண்ணாம்புக் கல், அதில் ஒழுங்காகக் குடைந்த துளைகள். மோட்டார் இல்லை. உயரத்தில் நிற்கும் தண்ணீர் கீழே வரும் அழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. நல்ல மழைக்குப் பிறகு இன்றும் அந்தத் துளைகளில் நீர் எழும்பும். நாங்கள் போன நாளில் ஒரு விரல் உயரம்தான் வந்தது. மகள் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழும்ப மனமில்லை.

அடுத்தது பாறைத் தோட்டம், பெரிய கற்களுக்கு நடுவே வளைந்து போகும் படிகள். குளவி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் சத்தம் போடாதீர்கள். படிகள் செங்குத்தாகும் இடத்தில் திரும்பிவிடுங்கள். பத்தரைக்குள் வெளியே வந்தால் நல்லது.

7. பொப்ஹாம் மரத்தோட்டம்

என்னைக் கேட்டால் இந்தப் பயணமே இதற்காகத்தான். தம்புள்ளையில் சாப்பிட்டுவிட்டுக் கண்டலம வீதியில் சிறிது தூரம் போனால் வரும். கொதிக்கும் நண்பகலுக்குத் தோதான இடம், முழுக்க நிழல்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1963இல் இதைத் தொடங்கினார். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்து கைவிட்ட பற்றைக் காடு அது. முதலில் கன்றுகள் நட்டுப் பார்த்தார், பிழைக்கவில்லை. பிறகு முள் பற்றையை மட்டும் வெட்டி அகற்றி, தானாக முளைத்த காட்டு மரக் கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டார். அவை எழும்பின. நீங்கள் நடக்கும் நிழல் அப்படி வந்ததுதான்.

உள்ளே நடைபாதைகள் இருக்கின்றன. நீளக் காற்சட்டை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். அவசரப்படாமல் நான்கு மரங்களைத் தேடுங்கள். பாலை: இலையின் நுனி நகத்தால் கிள்ளியதுபோல உள்வாங்கியிருக்கும். வீரை: அடிமரம் திரித்த கயிறுபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். கருங்காலி: பட்டையே கரி பூசியதுபோல.

நான்காவது சாவண்டலை. இதை ஆங்கிலத்தில் ‘திருகோணமலை மரம்’ என்றே சொல்கிறார்கள், தெரியுமா? ஒரு காலத்தில் நம் துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அங்கே அலை உடைக்கும் மசூலாப் படகுகள் கட்டப் பயன்பட்ட மரம் அது. இலை இதய வடிவம், அடியிலிருந்து விரல்கள் விரிந்தாற்போல நரம்புகள். காய்க்குச் சிறகுகள் உண்டு. கீழே விழுந்து கிடக்கும் காயை எடுத்து, கையை உயர்த்தி விட்டுப் பாருங்கள், சுழன்றுகொண்டே இறங்கும். பார்த்தபின் அங்கேயே விட்டுவிடுங்கள், அடுத்த மரம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

8. திரும்பும் வழி

மூன்றரைக்குத் தம்புள்ளையை விட்டுக் கிளம்புங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அலுத்ஓயாக் காட்டை வெளிச்சத்தில் கடந்துவிட வேண்டும். ஒருமுறை இருட்டியபின் வந்தபோது, வளைவில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அது போனதும்தான் பத்து யார் தூரத்தில் யானையின் பின்கால்கள் தெரிந்தன. அன்றிலிருந்து நாங்கள் மாலையில் பிந்துவதில்லை. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், இரண்டையும் நினைவில் வைத்திருங்கள்.

ஹபரணைக்கு முன் அவித்த சோளம் விற்பார்கள், உப்புத் தண்ணீரில் ஊறிச் சூடாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், நிறுத்திச் சாப்பிடுங்கள். கந்தளாயில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்குங்கள். டிக்கியில் வைத்தால் வீடு வருமுன் கொட்டிவிடும், பின் இருக்கையில் யாராவது மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.