‘பியூட்டட்டிவ்’: இந்தச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஆங்கிலத்தில் சட்டமோ அறிவியலோ படித்தால் ‘பியூட்டட்டிவ் ஃபாதர்’ (putative father), ‘பியூட்டட்டிவ் ஜீன்’ என்று எங்காவது கண்ணில் படும். முதல் தடவை நான் ‘புட்டட்டிவ்’ என்று படித்தேன். ‘புட்’ என்ற வினைச்சொல்லிலிருந்து வந்திருக்கும் என்றும் முடிவு கட்டிவிட்டேன். இரண்டுமே தப்பு.

படி 1: பொருள்

‘அப்படியென்று கருதப்படுகிற’. இன்னும் நிரூபணமாகவில்லை, ஆனால் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

படி 2: வேர்

லத்தீன் ‘புட்டாரே’. முதலில் மரக்கிளைகளைக் கழித்துச் சீராக்குவது, பிறகு கணக்கைச் சரிபார்ப்பது, அப்புறம் கருதுவது. தமிழ் தெரிந்தவருக்கு இது விசித்திரமே இல்லை. கிளையையும் கழிக்கிறோம், கணக்கிலும் கழிக்கிறோம். ‘எண்ணு’ என்றால் நமக்குக் காசையும் எண்ணலாம், மனசுக்குள்ளும் எண்ணலாம். அதே வேரில் ‘ஆம்ப்யூட்டேட்’ (கை காலை வெட்டி நீக்குவது) வெட்டுவதை வைத்துக்கொண்டது, ‘கம்ப்யூட்’ கணக்கை வைத்துக்கொண்டது, நம் சொல்லுக்கு எண்ணம் வந்தது. ஆங்கிலத்துக்குள் வந்தது 15ஆம் நூற்றாண்டில்.

வேர் தேட எனக்கு எட்டிமான்லைன் தளம் போதும். தடித்த அகராதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: எங்கே வைப்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ‘தி ஆதர் (author) இஸ் பியூட்டட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். இலக்கணத்தில் என்ன பிழை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியில் ‘பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும்’ என்ற சின்னக் குறிப்பு இருந்தது. ‘தி பியூட்டட்டிவ் ஆதர்’ என்றால் சரி. வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிறுத்தினால் சொல் நொண்டும். தமிழில் ‘கருதப்படுகிற’ என்ற பெயரெச்சத்தை அந்தரத்தில் விட முடியாதே, அதுபோல.

படி 4: ஒத்த சொற்கள்

‘அலெஜ்டு’ என்றால் யாரோ குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்ற வாடை வரும். ‘சப்போஸ்டு’ சில சமயம் நக்கலடிக்கும்: ‘நண்பனாம் நண்பன்!’ பியூட்டட்டிவுக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. ஆனால் அரட்டையில் போட்டுவிடாதீர்கள், கோட்டு சூட்டோடு குளிக்கப்போன மாதிரி இருக்கும்.

பிற்சேர்க்கை: ‘பியூட்டட்டிவ் மேரேஜ்’ என்றால் போலித் திருமணமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. சட்டப்படி செல்லாத திருமணம்தான். ஆனால் இருவரில் ஒருவராவது அது செல்லும் என்று உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும். ஏமாற்றுவதற்காகவே இருவரும் சேர்ந்து நடத்தியது இதில் சேராது.