நல்லூரில் தங்குங்கள், நடந்தே பாருங்கள்

யாழ்ப்பாணம் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஹோட்டல் நல்லது என்றுதான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஓர் அறை எடுங்கள், அது சின்ன அறையாக இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் என் பதில். யாழ். நகரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டியும் ஆஸ்பத்திரி வீதியிலும் வசதியான ஹோட்டல்கள் இருக்கின்றன. ஒரு நாள் மட்டும் தங்குவோருக்கு அவை போதும். ஆனால் நகரத்தில் தங்கினால், நல்லூர் உங்களுக்கு ஓட்டோவில் வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பும் ஓர் இடமாகவே முடிந்துவிடும். அதை எண்ணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கோயில் வீதி, அரசடி வீதி, நாவலர் வீதிப் பக்கங்களில் பல வீடுகள் இப்போது விருந்தினர் விடுதிகளாகியிருக்கின்றன. பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் பேசி மூன்று விடயங்களைக் கேளுங்கள். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? யன்னலுக்கு நுளம்பு வலை உண்டா? வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கலாமா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. கோயிலை அண்டிய பல வீடுகளில் மச்சமும் மதுவும் உள்ளே வரக்கூடாது. அதை முன்கூட்டியே அறிந்து நடந்தால் அந்த வீட்டுக்காரர் உங்களை உறவாகவே நடத்துவார். கிணற்று நீர் குளிக்க அருமையாக இருக்கும். குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவிழாக் காலத்தில் போவதானால் கணக்கு வேறு. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறும். 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர், மறுநாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். இந்த நாட்களில் அறைக்குப் பெரும் தட்டுப்பாடு. ஒருமுறை நான் மூன்று மாதம் முன்பே வாய்ப்பேச்சில் உறுதி செய்துவிட்டுப் போனேன். தேருக்கு முதல் நாள் இரவு பெட்டிகளோடு வாசலில் நின்றபோது, அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கூட வந்த என் அம்மாவுக்கு எழுபது தாண்டிய வயது. அடுத்த ஒழுங்கையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் விறாந்தையில் பாய் போட்டுக் கொடுத்ததால் அந்த இரவு கழிந்தது. ஆகவே முற்பணம் கட்டி, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில் அப்போது வாகனம் விடமாட்டார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால், விடுதி தடுப்புக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டறிவது அவசியம்.

கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வேட்டி இல்லாத பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள். உள்ளே படம் எடுக்க முடியாது. இங்கே பூசைகள் சொன்ன நேரத்துக்கு நடக்கும், ஐந்து நிமிடம் பிந்தினாலும் திரை விலகிய கணத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள். மூலவராக இங்கே இருப்பது வேல்தான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அதை முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

திருவிழாக் காலை என்றால் வெளிவீதி மணலில் செருப்பில்லாமல் நில்லுங்கள். இரவுக் குளிர் இன்னும் போகாத மணல் அது. ஈர வேட்டியோடு ஆண்கள் பிரதட்டை பண்ணி உருண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் அடியழித்து வருவார்கள்: எழுந்து, மூன்று அடி வைத்து, மறுபடி நெற்றி மண்ணில் படக் கும்பிடுவார்கள். எழும்போது நெற்றியில் ஒட்டிய மணல் திருநீற்றின் மேல் அப்படியே இருக்கும். என் மகள் அதைப் பார்த்து ஒரு சொல்லும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலோடு நல்லூர் முடிந்துவிடுவதில்லை. பருத்தித்துறை வீதியில் வடகிழக்காகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் முத்திரைச் சந்தி. யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரான பழைய நல்லூர் இங்கேதான் இருந்தது. 1619இல் சங்கிலி மன்னனின் ஆட்சி போத்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1621இல் பழைய கோயிலையும் இடித்தார்கள். அது நின்ற பகுதியில் இப்போது ஒரு தேவாலயம் இருக்கிறது. இன்று நாம் கும்பிடும் கோயில் 1734இல் வேறு காணியில் எழுந்தது. தேவாலய வளவில் யமுனா ஏரியைத் தேடிப் பாருங்கள். 'ப' என்ற எழுத்தின் வடிவில் வெட்டிய கேணி அது. பழைய அரண்மனை வாசல் என்று சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வளைவும், மந்திரி இருந்த வீடு என்று சொல்லப்படும் மந்திரிமனையும் அருகிலேயே உள்ளன. மந்திரிமனை பழுதடைந்த கட்டடம், சுவர்களில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள். ஆனால் முகப்பு மரவேலைகளை நின்று பாருங்கள். அப்படியே சட்டநாதர் கோயிலுக்கும் போய் வரலாம். பழைய தலைநகருக்கு வடக்கே காவலாக நின்றது அது.

வெயில் ஏறியதும் நாவலர் வீதித் தொல்பொருள் நூதனசாலைக்குள் போங்கள். சின்ன இடம்தான், அரை மணித்தியாலம் போதும். பொதுநூலகமும் கோட்டையும் நகரப் பக்கம் என்பதால் அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். 1981இல் எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட நூலகம் அது. வாசலில் படமெடுத்துக்கொண்டு திரும்பாமல், வாசிகசாலைக்குள் போய் ஒரு பத்திரிகையாவது எடுத்து வாசியுங்கள்.

மாலையில் கோயிலடியில் ஐஸ்கிரீம் கடைகள் நிறைந்துவிடும். குடும்பமாகப் போனால் ஏழு மணிக்கு முன் போனால்தான் இடம் கிடைக்கும். திருவிழா நாளானால் திரும்பும்போது வீதியோரக் கச்சான் கடையில் சூடாக வறுத்த கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்குங்கள். மணலில் வறுப்பதால் அடியில் கொஞ்சம் மணல் கிடக்கும், உதறிவிட்டுத் தின்னலாம். உறவினர் வீடுகளுக்கென்று இரண்டு சரை (காகிதப் பொட்டலம்) கூடுதலாகவே வாங்குங்கள். நல்லூருக்குப் போய்வந்தவர் வாசலில் கால் வைத்ததுமே, "கச்சான் எங்கே?" என்றுதான் அங்கே கேட்பார்கள்.