கிளப் பாடல்களைக் கொண்டு ஒரு தனி மேடை நிகழ்ச்சி அமைக்கும் முறை

திரைப்படங்களின் இரவு விடுதி நடனக் காட்சிகளுக்காக எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கிளப் பாடல்களை மட்டும் கொண்டு மும்பைத் தமிழர் முன் தனியாக மேடையேற விரும்பும் பாடகி, ஏறத்தாழ 2,700 பேர் அமரும் சண்முகானந்தா அரங்கை நாடாமல், கடைசி வரிசையில் இருப்பவரின் முகமும் தெரியும் சிறிய அரங்கையே மாட்டுங்கா வட்டாரத்தில் தேட வேண்டும். இவ்வகைப் பாடல் பார்வையாளரின் கண்ணைப் பார்த்துப் பாட வேண்டியது. பன்னிரண்டு பாடல்கள் போதும். இடையிடையே வரும் பேச்சே நிகழ்ச்சியின் உயிர் என்பதால், ஒவ்வொன்றையும் எழுதி, ஒரு நிமிடத்துக்குள் சுருக்கி, அதன் கடைசிச் சொல்லோடு கீபோர்டின் முதல் சுரம் வந்து சேரும்வரை ஒத்திகை பார்க்க வேண்டும். ஈஸ்வரியின் சிரிப்பையும் பெருமூச்சையும் அப்படியே நகலெடுக்கக் கூடாது. அவை தாளத்தின் எந்த இடத்தில் விழுகின்றன என்பதைக் கற்றுத் தம் குரலில் பாடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. இந்தப் பாடல்களை மேடையில் பாடுவதற்கு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைகளைக் கவனிக்கும் அமைப்பான ஐபிஆர்எஸ் தரும் உரிமத்தை முன்கூட்டியே பெற வேண்டும். எந்தப் பேச்சின்போது அரங்கில் சலசலப்பு எழுந்தது என்பதை நண்பர் ஒருவரைக் குறித்துவைக்கச் சொல்லி, அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டிவிட வேண்டும்.