வரையும் பிள்ளையை டிசைன் படிப்புக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் படம் வரைந்து வைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அழகாக வரைவது வேறு, டிசைன் வேறு. ஒரு பொருளை யார் பயன்படுத்துவார்கள், அவர்களுக்கு அதில் என்ன சிரமம் என்று யோசித்து வரைவதுதான் டிசைன். அந்த யோசனையைப் பழக்குவதுதான் உங்கள் வேலை.

என் மகள் ஒன்பதாவது வரை நடிகர்களின் முகங்களைப் போட்டோ பார்த்து அச்சு அசலாக வரைவாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருநாள் சமையலறையில் இருந்த டிபன் கேரியரை முன்னால் வைத்து, அதைப் பார்த்து வரையச் சொன்னேன். முதல் நாள் வெறும் உருளையாகத்தான் வந்தது. மூன்றாம் நாள்தான் பக்கவாட்டுக் கொக்கி எப்படி மேல் தட்டைக் கவ்விப் பிடிக்கிறது என்பதைக் கவனித்தாள். அப்புறம் கேட்டேன், "பாட்டிக்கு விரல் சரியாக மடங்காதே, அவர் இதை எப்படித் திறப்பார்?" அந்த வாரம் பதினோரு விதமான கொக்கி வரைந்தாள், பாதிக்கு மேல் வேலைக்கு ஆகாதவை. ஆனால் அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட நான் தூக்கிப் போட விடவில்லை, தேதி எழுதி ஃபைலில் வைத்திருக்கிறோம். பின்னாளில் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கும் இடத்தில், முடிந்த படத்தோடு இப்படி யோசித்து வந்த வழியையும் காட்ட வேண்டியிருக்கும்.

ரூபாய்க் குறியீட்டையே காட்டிப் பேசலாம். 2010-இல் ஏற்கப்பட்ட அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், கட்டடக்கலை படித்துவிட்டு ஐஐடி பம்பாயில் டிசைன் படித்தவர். தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒரே வடிவத்துக்குள் எப்படி அடங்கின, கடைக்காரர் பேனாவால் அதை எவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறார் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். ஐஐடிகளில் பி.டெஸ் என்கிற டிசைன் இளநிலைப் படிப்புக்கான யூசீட் என்ற நுழைவுத் தேர்வைக் கலைப்பிரிவு, வணிகவியல் மாணவர்களும் எழுதலாம். ஆனால் கட்டடக்கலை மேலும் ஒரு கண் இருந்தால் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். யூசீட்டில் மொத்தம் 300 மதிப்பெண், அதில் கையால் எழுதியும் வரைந்தும் காட்டும் பகுதிக்கு 100, அதற்கு ஒரு மணி நேரம். மீதி 200-க்குக் கணினியில் பதில் சொல்ல வேண்டும், அதில் தர்க்கம், வடிவங்களை மனதிலேயே திருப்பிப் பார்ப்பது எல்லாம் வரும். வரைதலை மட்டும் நம்பிப் போகும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முறைதான் எழுத முடியும் என்பதால் பழைய வினாத்தாள்களைப் பிளஸ் ஒன்னிலேயே எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அகமதாபாத்தில் இருக்கும் தேசிய டிசைன் நிறுவனமான என்ஐடிக்குத் தனித் தேர்வு, சென்னை தரமணியில் இருக்கும் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்டுக்கும் தனித் தேர்வு. நிஃப்டில் கொடுக்கிற பொருளை வைத்துக் கையால் ஒரு மாதிரி செய்துகாட்டச் சொல்வார்கள், அதற்கு அட்டை, கம்பி, துணி எல்லாம் வெட்டி ஒட்டிப் பழகியிருக்க வேண்டும். விண்ணப்பங்கள் பிளஸ் டூ பாதியிலேயே வந்துவிடும், பொதுத்தேர்வு முடியட்டும் என்று இருந்தால் அந்த வருடம் போய்விடும்.

செலவு பெரிய விஷயம்தான். தனியார் டிசைன் கல்லூரிகளில் பணம் கட்டுவதற்கு முன்னால், 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியையும் கும்பகோணத்தில் இருப்பதையும் ஒருமுறை பிள்ளையோடு நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் அண்ணன், அக்காக்களிடம் பிள்ளையே பேசட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.