செப்டிக் ஷாக்: ஐசியூவில் முதல் மூன்று மணி நேரம்

பெரியவர்களுக்கு செப்டிக் ஷாக் (கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும் நிலை) என்ற சந்தேகம் வந்ததுமே, ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும் என்கிறது சர்வதேச மருத்துவ முயற்சியான சர்வைவிங் செப்சிஸ் கேம்பெய்னின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சீட்டில் எழுதிய நேரத்தை விடுங்கள், மருந்து நரம்பில் ஏறிய நேரத்தைக் குறியுங்கள். தாமதம் ஒளிந்திருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். முதல் டோஸுக்கான மருந்துக் குப்பிகள் வார்டிலேயே இருக்கட்டும்.

மருந்துக்கு முன் இரண்டு செட் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி. பாட்டிலுக்கு 10 மில்லி வீதம் செட்டுக்கு 20. மூன்று மில்லியோடு அனுப்பினால், ரத்தத்தில் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஆனால் கல்ச்சருக்காக மருந்தை 45 நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

கிரியாட்டினின் (சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தாலும் முதல் டோஸ் முழு டோஸ்தான். மெரோபெனம், வான்கோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் எழுதியிருந்தால் மெரோபெனத்தை முதலில் ஏற்றுங்கள். வான்கோமைசின் மெதுவாக ஓட வேண்டிய மருந்து; அதை முதலில் மாட்டினால் லைன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

திரவம் கிலோவுக்கு 30 மில்லி, மூன்று மணி நேரத்துக்குள். 60 கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. நார்மல் சலைனை விட ரிங்கர் லாக்டேட் நல்லது. ஒவ்வொரு 500 மில்லிக்கும் நின்று பாருங்கள்: விரல் நுனியை வெளுக்கும்வரை 10 விநாடி அழுத்தி விட்டால், 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டது, ஆனால் நுரையீரலில் கரகரப்பு கேட்கிறது என்றால் மேலும் ஊற்றாதீர்கள்.

சராசரி தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்தைத் தொடவில்லையா? சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) போடும்வரை காத்திருக்க வேண்டாம். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல கேனுலாவில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார் அட்ரினலின் தொடங்கலாம். அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே வையுங்கள். ஊசியைச் சுற்றித் தோல் வெளுத்துச் சில்லிட்டால் மருந்து கசிகிறது, உடனே இடம் மாற்றுங்கள். ஆம்பூல் லேபிளைக் கட்டாயம் படியுங்கள்: 2 மி.கி. பைடார்ட்ரேட் (மருந்தின் உப்பு வடிவம்) என்றால் 1 மி.கி. பேஸ் (அசல் மருந்து). இதைக் கவனிக்காவிட்டால் டோஸ் இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். 4 மி.கி. பேஸை 5% டெக்ஸ்ட்ரோஸில் மொத்தம் 50 மில்லியாக்கினால், 60 கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம் என்பது மணிக்கு 4.5 மில்லி. மணிக்கு சுமார் 11 மில்லியைத் தாண்டினால், அதாவது 0.25-ஐ எட்டினால், அழுத்தம் ஏற்றும் இன்னொரு மருந்தான வாசோபிரசினை நிமிடத்துக்கு 0.03 யூனிட் சேருங்கள். அந்த அளவிலேயே நான்கு மணி நேரம் நீடித்தால் ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை.

அழுத்தம் திடீரென விழுவது பல நேரம் சிரிஞ்ச் மாற்றும்போதுதான். பழையது தீருவதற்கு முன்பே புதியதை இன்னொரு பம்பில் ஓடவிட்டுத் தயாராக வையுங்கள். அந்த லைனில் வேறு மருந்தைத் தள்ளிவிடாதீர்கள். குழாயில் நிற்கும் நார் அட்ரினலின் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு என்று துணி விலக்கித் தேடுங்கள். சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு கண்ணில் பட்டால் அது சிற்றுண்ணிக் கடியால் வரும் தொற்றான ஸ்க்ரப் டைஃபஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மெரோபெனம் வேலை செய்யாது, அப்போதே டாக்ஸிசைக்ளின் சேர்க்க வேண்டும்.