நீண்ட தமிழ்ச் சொல்லும் சிறிய திரையும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் பயன்படுத்தும் விலைப்பட்டியல் பக்கத்தைப் பராமரிக்கும் வேலை என்னிடம் வந்தபோது, கடைக் கணினியில் ஒழுங்காக இருந்த அது, போடிமெட்டு ஏறிப் பூப்பாறைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களின் கைபேசியில் படிக்க முடியாத பொடி எழுத்தாகத் தெரிந்தது. பக்கத்தை எந்த அகலத்தில் அமைக்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா குறி இல்லாததே காரணம். அது இல்லாவிட்டால் கைபேசி உலாவிகள் பெரும்பாலும் பக்கத்தை 980 பிக்சல் அகலத்துக்கு அமைத்து, பின்பு சுருக்கிக் காட்டும். அகலத்தைக் கருவியின் அகலமாக அறிவித்ததும் எழுத்து சரியானது.

ஆனால் 360 பிக்சல் திரையில் பக்கம் வலப்புறம் வழிந்தது. பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் உலாவியின் டெவலப்பர் கருவியில் பெட்டி பெட்டியாகப் பார்த்தபோது, ‘கையிருப்பிலுள்ளவற்றின்’ என்ற ஒரே சொல் நெடுவரிசையைத் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் அமைப்பில் நெடுவரிசையின் அகலத்தை ‘1எஃப்ஆர்’ (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்று கொடுத்தால், உள்ளிருக்கும் மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே அது சுருங்காது. விகுதிகள் ஒட்டி நீளும் தமிழில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அகலத்தின் கீழ், மேல் எல்லைகளைக் குறிக்கும் ‘மின்மேக்ஸ்’ மூலம் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்கி, இடம் போதாதபோது சொல்லை எங்கும் உடைக்க ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்புக்கு ‘எனிவேர்’ மதிப்பைத் தந்தேன். சொல் கண்ட இடத்தில் உடைவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே நீண்ட தலைப்புகளில் ‘கையிருப்பி-லுள்ள-வற்றின்’ என்று பிரியுமாறு, தேவைப்பட்டால் மட்டும் தோன்றும் மென்கோட்டுக் குறியையும் இட்டேன்.

எந்த அகலத்தில் வடிவம் மாற வேண்டும் என்பதைக் கைபேசி மாடல்களைப் பார்த்து முடிவுசெய்வது வீண். வரிகள் நெருக்கமாகும் இடத்திலேயே, திரையின் அகலத்துக்கேற்ப வடிவத்தை மாற்றும் மீடியா குவெரியை வைத்தேன். பின்னர் சேர்த்த மலையாளத் தலைப்புகளும் இதே அமைப்பில் வழியாமல் அடங்கின.