பழைய பைக்கில் முன் பிரேக் தொல்லையா? முதலில் லிவரைக் கேளுங்கள்

பழைய பைக்கில் முன் டிஸ்க் பிரேக் மக்கர் பண்ணினால் பாதிப் பேர் நேராகப் பிரேக் பேடை மாற்றுவார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் பிரேக் ஆயிலை மாற்றுவார்கள். நானும் அந்தக் கோஷ்டிதான். ஒரு பைக்கில் மூன்று தடவை பிளீட் பண்ணி (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி), புதுப் பேடும் போட்டு, கடைசியில் பார்த்தால் கோளாறு ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றில் இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் லிவரை நாலு தடவை அழுத்திப் பாருங்கள், முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். முக்கால்வாசி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, மடமடவென்று அடித்தால் கொஞ்சம் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று. பிடித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்லக் கைப்பிடி வரைக்கும் இறங்குகிறது என்றால் அது காற்று இல்லை, மாஸ்டர் சிலிண்டர் (லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) சீல் தேய்ந்துவிட்டது, அல்லது எங்கேயோ கசிகிறது. லிவர் பக்கத்தில் இருக்கும் சின்ன ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் சீல் கிட் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். மூன்றாவது ரகம், லிவர் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும், அல்லது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல் ஒழுகி டிஸ்கில் எண்ணெய் பட்டிருக்கும். எண்ணெய் குடித்த பேடை அடுப்பில் சுட்டுக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஃபோர்க் சீலைச் சரிசெய்துவிட்டுப் புதுப் பேட் போடுங்கள்.

பழைய பைக்கில் அதிகம் ஏமாற்றுவது வேறொன்று. பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. சக்கரம் இழுக்கும், டிஸ்க் சுடும், கொஞ்ச தூரம் போனதும் லிவர் தானாக இறுகிக்கொண்டே வரும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. லிவரை அழுத்தி விட்டபின் சக்கரம் இறுகி நிற்கும்போது, காலிப்பரில் (பேடை டிஸ்க்மேல் அழுத்தும் பாகம்) உள்ள பிளீட் நிப்பிளில் (காற்றும் ஆயிலும் விடும் சின்னத் திருகு) ஒரு டியூபை மாட்டிக்கொண்டு லேசாகத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து, சக்கரம் உடனே லேசாகிவிட்டால் காலிப்பர்மேல் குற்றமில்லை, அழுத்தம் மேலே எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி லிவரை அழுத்தி இறுக வைத்து, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து ஹோஸ் (ஆயில் குழாய்) போல்ட்டைத் துணி சுற்றிக்கொண்டு இளக்குங்கள். இங்கே இளக்கியதும் சக்கரம் விட்டுக்கொடுத்தால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். இங்கே விடாமல் கீழே நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ்தான், வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ரப்பர் ஊறி வீங்கி ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும்.

முதலில் சொன்ன என் பைக்கில் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். ஆயில் கிண்ணத்தின் அடியில் இரண்டு ஓட்டைகள் இருக்கும், ஒன்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும், இன்னொன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். லிவரை விட்டதும் சூடாகி விரிந்த ஆயில் கிண்ணத்துக்குத் திரும்புவது அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு லிவரை மிக மெதுவாகத் தொட்டால் அங்கே ஒரு குட்டிச் சுழிப்பு தெரிய வேண்டும். என்னுடையதில் தெரியவில்லை, பழுப்புக் கசடு அடைத்திருந்தது. மின்வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் குத்தியதும் சரியானது, அரை மணி நேர வேலை. வேறு வண்டியின் லிவரை மாட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும், பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருப்பதால் ஓட்டை மூடிக்கொள்ளும். லிவரில் சிறிதளவாவது ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இளகவில்லை என்றால் காலிப்பரைக் கழற்றியாக வேண்டும். காலிப்பருக்குள் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சதுர வெட்டுள்ள ரப்பர் சீல், பிஸ்டன் முன்னால் போகும்போது கொஞ்சம் வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்து அதை ஒரு மயிரிழை பின்னால் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அந்தச் சீல் உட்காரும் பள்ளத்தில் வருஷக்கணக்கில் வெள்ளையாக உப்புப் பூத்து, சீலைப் பிதுக்கி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தைச் சுரண்டாமல் புதுச் சீல் போட்டால் கொஞ்ச நாளில் அதே கதை. பிஸ்டனை வெளியே எடுக்க ஹோஸைக் கழற்றும் முன் லிவரையே அடித்துத் தள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், பிஸ்டன் குண்டு மாதிரி வரும், விரல் போகும். சீல் உரசும் பகுதியில் துருக்குழி இருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். நகரும் வகைக் காலிப்பரானால் அதன் பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பரில் படக்கூடாது, ஊதிவிடும்.

பிரேக் ஆயில் எது என்று கிண்ண மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரத்தை உறிஞ்சியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக்கூடாது. டாட் 5.1 பெயரில்தான் அதற்குத் தம்பி, உண்மையில் டாட் 4 குடும்பம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிளீட் பண்ணியும் பஞ்சுத்தன்மை போகவில்லையா? காற்று மேலே ஹோஸ் போல்ட்டில் தங்கியிருக்கும், லிவரை அழுத்திப் பிடித்து அந்தப் போல்ட்டை ஒரு நொடி இளக்கி, லிவரை விடுவதற்கு முன் இறுக்குங்கள்.

லிவர் கையில் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது அல்லது சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

டிரம் பிரேக் வைத்திருப்பவர்கள் முதலில் கேபிளைப் பாருங்கள், காய்ந்த கேபிள் பாதி பலத்தைத் தின்றுவிடும். அப்புறம் அச்சு நட்டை இளக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள், ஷூ இரண்டும் நடுவில் உட்காரும். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்தபின் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் லிவர் கெட்டியாகும்வரை அடியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் அழுத்தலில் பிரேக் கொஞ்சம்கூடப் பிடிக்காது, அதைத் தெருமுனையில் தெரிந்துகொள்ள வேண்டாம்.